ஆறடி வண்டிவூடு

பாஞ்சாலை முந்திரி மரத்திலிருந்து விழுந்தது சுனாமி வந்ததற்கு அடுத்த சீசனில், வைகாசி பிறந்து ஏழாம் நாள். விழுந்தாள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் எங்க வுழுந்தேன்? கெளதான் ஒடிஞ்சி வுழுந்துச்சி. அந்த நேரம் பாத்து நான் அதுமேல நின்னுக்கிட்டு இருந்தேன், அவ்வளோதான் சங்கதி" என்பாள். மரத்தைக் குறை சொல்லவும் விடமாட்டாள். "வண்டு தின்ன கெள, பாவம், அது என்னா பண்ணும்?"

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ரெண்டு கம்பியை வைத்துத் தைத்து, பதினெட்டு நாள் கழித்து அனுப்பினார்கள். தரையில் உட்காராதே, தரையில் படுக்காதே, குத்துக்கால் போட்டுக் குந்தவே குந்தாதே, குனியாதே, குடம் தூக்காதே என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "மூச்சு வுடலாங்களா சாரு?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பழமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

பழமலை அவள் புருஷன். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக மோல்டு போடுகிறவன். ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, கக்கூஸ் கோப்பை, கொலு பொம்மை என்று எது சூளைக்குப் போனாலும் அதற்கு முதல் அச்சு அவன் கையால்தான் ஆக வேண்டும். கையில் ஒரு தேக்குக் கோல் வைத்திருப்பான். அவனே செதுக்கி, அவனே கோடு கீறி, அங்குலம் போட்ட கோல். அதை வேறு யாரும் தொட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். வேலையில் கெட்டிக்காரன், வாயில்தான் ஒன்றும் கிடையாது. காலையில் "வரேன்" என்பான், சாயங்காலம் "வந்துட்டேன்" என்பான். நடுவில் உள்ளதையெல்லாம் பாஞ்சாலைதான் பேச வேண்டும். கல்யாணமான இருபத்தெட்டு வருஷமாக ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்கு ஒரு கட்டில் வந்தது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றும் வந்தது, அதற்கு அடியில் ஒரு பக்கெட்டு. வேப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் மோகனப்பிரியா ரெண்டு மாசம் வந்திருந்து பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பக்கெட்டைப் பழமலைதான் தூக்க வேண்டியிருந்தது. முதல் நாள் அவன் தூக்கிக்கொண்டு போனபோது பாஞ்சாலை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவையே கூட்டுகிற வாய் அன்றைக்கு முழுக்கத் திறக்கவில்லை.

கார்த்திகை மாசம் ஒருநாள் மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டாள். "என்னய எதுக்குய்யா வச்சிக்கிட்டு லோல்படுற? எங்கனா கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடு."

பழமலை பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு "வரேன்" என்றான். போய்விட்டான். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம். இப்படிப் பேசாமல் போகிறவன் மனசில் என்ன நினைக்கிறானோ என்று அவன் போன வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஆனால் பாஞ்சாலைக்குக் கட்டில்கூடப் பெரிய துக்கமில்லை, பக்கெட்டும் இல்லை. காடுதான் துக்கம். கம்மாபுரத்துக்கு அந்தாண்ட செம்மண் பூமியில் அவளுடைய அப்பா விட்டுப்போன முந்திரிக்காடு, அறுபத்திரண்டு மரம். அவளுக்கும் தம்பி தங்கராசுக்கும் பொதுவில் கிடக்கிறது. அதில் அவளுடைய அப்பா ஒரு வழக்கம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாசி கடைசி வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் காட்டு நடுவில் யார் அடுப்பு மூட்டி முதல் கொட்டையைச் சுடுகிறார்களோ, அந்த வருஷம் காடு அவர்களுக்கு. மூட்டின கை வைகாசி கடைசிவரை அங்கேயே தங்கி, அந்த அடுப்பில்தான் ஆக்கித் தின்ன வேண்டும். தங்கராசுக்கு நெல்லும் கரும்பும் போதும். அதனால் இருபத்தெட்டு வருஷமும் மூட்டினது பாஞ்சாலைதான்.

அந்த மூணு மாசமும் காட்டில் அவள் வேறு ஆள். விடிகாலையில் சருகின்மேல் பழம் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த மரம் என்று சொல்லிவிடுவாள். கொட்டையைத் திருகித் திருகிப் பால் பட்டு உள்ளங்கை தோலுரிந்து கிடக்கும், அதே கையால் பச்சைக்கொட்டைக் குழம்பு வைத்துத் தின்பாள். கீற்றுக் கொட்டகையில் ஒரு பாய், தலைமாட்டில் ஒரு கொம்பு. ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் ஒரு அதட்டல்தான். ஞாயிற்றுக்கிழமை பழமலை கருவாடு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வருவான், தின்றுவிட்டுப் போவான்.

தை பொங்கல் கழித்துத் தங்கராசு கரும்புக் கட்டோடு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"காடு எப்பிடிடா இருக்குது?" என்றாள், அவன் உட்காருவதற்குள்.

"பூத்துக் கெடக்குதுக்கா. இந்த வருசம் பனி கொறச்சலு, பூவு கருகல."

"வடக்கோரத்து மரம்?"

"அதுவுந்தான். யக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"கோச்சிக்கிற மாதிரி இருந்தா கோச்சிக்குவேன். சொல்லு."

"ஒரு யாவாரி கேக்குறான். மூணு வருசத்துக்குக் குத்தகைக்கு. எனக்கு இப்ப கரும்பு வெட்டு. நீ இப்பிடி கெடக்குற. யாரு போயி தங்குறது?"

"நான் போவேன்."

"எப்பிடிக்கா போவ? தரையில படுக்கக் கூடாது, குந்தக் கூடாதுன்னு இருக்குது. காட்டுல கட்டிலா போட்டு வச்சிருக்குது?" குரலைத் தணித்துக்கொண்டான். "வெளிக்கு எங்கக்கா போவ?"

பாஞ்சாலை கொல்லைக் கதவைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கொல்லைக் கதவுவரை பதினெட்டு எட்டு, அதையே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். காட்டில் ஏது சுவர்?

"மாசி கடைசி வெள்ளிக்கு நீ வந்து மூட்டுனா நான் குறுக்க நிப்பனா?" என்றான் தங்கராசு. அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "மூட்டலன்னா மறுநாளு யாவாரிக்கு வாக்குக் கொடுத்துடுறேன். சும்மா கெடந்தா ஆளாளுக்குப் பொறுக்கிட்டுப் போயிடுவான்."

"மூணு வருசம் அவன் கையில இருந்தா மருந்தடிச்சே மரத்தக் கொன்னுடுவான்டா."

"வேற வழி இருந்தா சொல்லுக்கா. போயிட்டு வரேன்."

அவன் தெரு முனை திரும்புகிறவரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, பாஞ்சாலை வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில் அழுவதுபோல மரத்து மரத்துக்குச் சொல்லி அழுதாள். ஷிஃப்டு முடிந்து வந்த பழமலை சாப்பாட்டுத் தூக்கோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தின பிறகுதான் உள்ளே வந்தான்.

"காட்டுல நொழையிற எடம் எவ்ளோ அகலம்?" என்றான்.

"எது?"

"ரெண்டு பனமரம் நிக்குதுல்ல, அதுக்கு நடுவுல."

"டிராக்டரு போவும். இப்ப என்னாத்துக்கு அது?"

அவன் தெரு முனை போன் கடைக்குப் போனான். மறுநாள் தங்கராசு டேப்பு வைத்து அளந்து சொன்னான். ஆறரை அடி.

பத்து நாள் கழித்து அடுத்த வீட்டு அமிர்தம், தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "யக்கா, ஒம்மூட்டுக்காரரு ஜங்ஷன் ரோட்டுல நல்லமுத்து வெல்டிங் பட்டறையில இரும்புல வூடு கட்டுறாரு. அடியில சக்கரம் வச்சி!"

பாஞ்சாலைக்குப் பகீரென்றது. வீட்டுக்கு எதற்குச் சக்கரம்? எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு என்று அவள் சொன்னது அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. அன்றைக்கு அவன் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "என்னய ஏத்தி எங்க தள்ளிவுடப் போற?"

"காட்டுக்குத்தான்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தரையில படுக்கக் கூடாதுல்ல. உள்ளாற கட்டிலு வக்கிறேன். இடுப்பு ஒசரத்துக்கு அடுப்பு மேட. கோப்ப நானே போடுறேன், ஒன் முட்டிக்கால் ஒசரத்துக்கு. அடியில குழி வெட்டிக்கிட்டா ஆச்சு. காலையில நான் கம்பெனிக்கிப் போயிட்டு சாயங்காலம் அங்கியே வந்துடுறேன். அடுப்பு நீ மூட்டு."

இருபத்தெட்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பாவி மனுஷன், இதை வாயால் சொல்லியிருந்தால் கார்த்திகையிலிருந்து அவள் இப்படி வெந்திருப்பாளா? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஜன்னலு தலமாட்டுல வையி. கொட்ட வுழுற சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றாள்.

அதற்கப்புறம் வேலை பழமலையுடையது, அதிகாரம் பாஞ்சாலையுடையது. படுத்த இடத்திலிருந்தே கட்டளை போட்டாள். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள மேலே ஒரு கயிறு தொங்க வேண்டும். அரிக்கேன் மாட்டக் கொக்கி வேண்டும், உப்பு ஜாடிக்குத் தட்டு வேண்டும், ஜாடி ஆடி விழாமல் தட்டுக்கு ஒரு விளிம்பு வேண்டும். காட்டுப் பாதையில் அடிமரமும் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்று அவள் சொன்னதால், பழைய ஜீப்பு அச்சு ஒன்றை வாங்கி, ஸ்பிரிங் பட்டை வைத்து ஒன்றரை முழம் தூக்கி நிறுத்தினார்கள். மணலில் புதையாமல் இருக்க அகலமான டயர் போட்டார்கள். சக்கரத்துக்கு மேலே ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு பெட்டி உட்கார்ந்தது. பனைமரத்து வழி ஆறரை அடி என்பதால் பெட்டி அகலம் ஆறடி, பக்கத்துக்கு மூணு அங்குலம் இடைவெளி என்று கணக்கு. பழமலை கோலை வைத்துச் சாக்பீஸில் கோடு போடுவான், நல்லமுத்து அறுத்து ஒட்டுவான்.

ஒருதடவை நல்லமுத்து, "அண்ணே, ஆறடியா இது? கண்ணுக்கு ஒருமாதிரியா இருக்குதே" என்றானாம்.

"முப்பது வருசமா அளக்குறேன்" என்றானாம் பழமலை. அதற்குமேல் அவன் ஏன் கேட்கப்போகிறான்?

அமிர்தத்துக்கு வேறு கவலை. "யக்கா, வாசக்கா எந்தத் திசைய பாத்து வக்கிறாங்க? வடக்க தல வச்சிப் படுக்குற மாதிரி ஆயிடப்போவுது."

"நிறுத்துற பக்கந்தான்டி வாசலு. தல வடக்க வந்துச்சின்னா வண்டியத் திருப்பிக்கிறது. ஒன் வூட்டத் திருப்ப முடியுமா?" என்றாள் பாஞ்சாலை.

பலகை வாங்கினபோது ஒரு சண்டை நடந்தது. "எட்டுக்கு நாலுன்னு சொல்லிக் கொடுத்தான். வச்சிப் பாத்தா ஏழடி ஒரு இஞ்சிதான் இருக்குது" என்று பழமலை முகம் சிவக்க வந்தான். கடைக்காரன் டேப்பை எடுத்துக் காட்ட வந்தானாம். "ஒன் டேப்பு ஒங்கடைக்கு, என் கோலு எனக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அடுத்த வாரம் வாங்கின மெத்தையும் கட்டிலுக்குக் கட்டையாகப் போனது. "இந்த ஊருல ஒருத்தனும் சரியான அளவுல விக்கிறதில்ல" என்றான். வாய் திறக்காதவன் ஊரையே திட்டுகிறானே என்று பாஞ்சாலைக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. அவளும் சேர்ந்து திட்டினாள்.

கோப்பைக்கு அமிர்தத்திடம் தையல் டேப்பை வாங்கி அவள் முட்டியிலிருந்து பாதம்வரை அளந்துகொண்டு போனான். சுடுவதற்குமுன் பச்சையில் அது கைவிரிப்பு அகலத்துக்கு இருக்கிறது என்று அவன் சொன்னபோது, "யானையா ஒக்காரப் போவுது?" என்று கேட்டாள். "களிமண்ணு சூளையில சுருங்கிடும்டி. பெருசாப் போட்டாத்தான் சரியா வரும்" என்றான். மாசி மகத்துக்கு முந்தின நாள் வைக்கோல் சுற்றி அதைக் கொண்டுவந்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளை மெல்ல உட்காரவைத்தான். முட்டி மடங்கிப் பாதம் ரெண்டும் தரையில் படிந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. ஒரு கக்கூஸ் கோப்பையைக் கட்டிப்பிடித்து அழுகிற பொம்பளை ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

கடைசி வெள்ளியன்று காலையில் தங்கராசு டிராக்டரோடு வந்தான். வண்டிவீட்டைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பச்சைப் பெயிண்டு, தகரக் கூரை, ரெண்டு பக்கமும் ஜன்னல். கட்டிலில் பாஞ்சாலையைப் படுக்கவைத்து, அமிர்தத்தைத் துணைக்கு ஏற்றினார்கள். பழமலை டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்தான். நல்லமுத்து தன் வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க மொபெட்டில் பின்னாலேயே வந்தான்.

ரோட்டில் பஸ்ஸுக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருத்தன், "என்னா சர்க்கஸா?" என்றான். "ஆமா, நான்தான் புலி" என்று பாஞ்சாலை ஜன்னல் வழியாகக் கத்தினாள். ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியதும் பெட்டி சாய்ந்து நிமிர்ந்தது, அடிமரத்தின்மேல் ஏறி இறங்கியது. அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உப்பு ஜாடி தட்டில் அசையவில்லை. பத்து மாசம் கழித்து முந்திரிப் பூவின் வாசனை ஜன்னலில் வந்தபோது அவள் மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டாள். இதோ வந்துவிட்டேன், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் ரெண்டு பக்கத் தகரமும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது. வண்டி நின்றது.

தங்கராசு பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி விட்டான். மறுபடியும் கிறீச்சு. இந்தப் பக்கப் பனையும் அந்தப் பக்கப் பனையும் பெட்டியைக் கவ்விக்கொண்டு நின்றன. டிராக்டர் உள்ளே, வீடு வெளியே. நல்லமுத்து மொபெட்டு பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தான். பனைக்கும் பனைக்கும் நடுவில் அளந்தான், ஆறரை. பெட்டியை அளந்தான்.

"அண்ணே, ஆறே முக்கா."

"இருக்காது" என்றான் பழமலை. கோலைக் கொண்டுவந்து பெட்டியில் மாற்றி மாற்றி வைத்தான். கோல் ஆறு காட்டியது. நல்லமுத்து டேப்பைக் கோலின் பக்கத்தில் நீட்டிப் பிடித்தான். கோலில் நாலடி என்று கீறியிருந்த இடத்தில் டேப்பு நாலரை காட்டியது.

பழமலை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாய்யா?" என்று ஜன்னலில் கேட்டாள் பாஞ்சாலை.

"மோல்டுக் கோலு" என்றான். "மண்ணு ஒம்போதுல ஒரு பங்கு சுருங்கும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேணாம்னு கோலுலியே அங்குலத்தப் பெருசாக் கீறி வச்சிருக்கேன். டேப்புல அளந்துக்கிட்டு வந்து கோலுல போடுறதுதான் எனக்குப் பழக்கம். அதையே இதுக்கும் போட்டுட்டேன். இரும்பு எங்கடி சுருங்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். ரெண்டு அடி, மூணு அடி. பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். அவனுடைய அம்மா செத்தபோதுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

பலகைக் கடைக்காரன் நல்லவன் என்பது பாஞ்சாலைக்கு அப்போதுதான் உறைத்தது. அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அழுகிறவனைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ஒரு பனைய வெட்டிடலாமா?" என்றான் தங்கராசு.

"ஆளு தேடி, வெட்டி, அடிய நோண்டி எடுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நொங்கு காய்க்கிற பனடா அது."

"அப்ப வுடுக்கா. திரும்பிப் போலாம். மாமா இவ்ளோ பண்ணதே பெருசு. ஒடம்பு தேறட்டும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. இப்போது திரும்பினால் மூணு வருஷம். மூணு வருஷம் கழித்து எந்த மரம் இருக்கும், எந்த இடுப்பு இருக்கும்?

"என்னய எறக்கு" என்றாள்.

தங்கராசு வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டான். அவளை இறக்கினார்கள். "நாற்காலியில வச்சித் தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றான் தங்கராசு.

"இன்னிக்கித் தூக்குவ. நாளைக்கி நீ கரும்புக்குப் போயிடுவ, அவரு கம்பெனிக்கிப் போயிடுவாரு. அடுப்பு உள்ள இருக்கும், நான் வெளிய இருப்பேன். சோறு ஆக்க யாரு தூக்கிட்டுப் போவா? நடக்க முடியுதான்னு பாக்குறேன். முடியலன்னா நானே சொல்லிடுறேன், யாவாரிக்கு வுட்டுடு."

அடுப்பு போடுகிற இடம் பனையிலிருந்து எழுபது எட்டு நடை. அவளுக்கு அது மனப்பாடம். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். பழமலை எழுந்து கண்ணைத் துடைத்தான். கையிலிருந்த கோலை நீட்டினான். யாரையும் தொடவிடாத கோல். வாங்கி ஊன்றிப் பார்த்தாள், மேல்முனை தோளுக்கு வந்தது.

"இதுவும் பெருசாத்தான் இருக்குது" என்றாள். பழமலைக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது.

நடந்தாள். நடுவில் கோலைப் பிடித்து, ஒரு எட்டு, ஒரு ஊன்றல். பழமலை ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான், தொடவில்லை. பத்து எட்டுவரை பயம்தான் இருந்தது. இருபதுக்குமேல் வலி வந்தது. சருகு வழுக்கியது. நாற்பதாவது எட்டில் அந்த மரம் வந்தது, கிளை ஒடிந்த தழும்போடு. அதன் அடியில் கையை வைத்து நின்றாள். முதுகில் கம்பி இருக்கிற இடம் தீயாக எரிந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தாள்.

"என்னா பாக்குற? ஒன்னயத் திட்ட வரல" என்று மரத்திடம் சொல்லிவிட்டு மறுபடி கோலை ஊன்றினாள்.

எழுபத்தெட்டு எட்டு ஆனது. முன்னே மாதிரி எட்டு இப்போது நீளமில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தாள்.

அமிர்தம் ஓடிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நல்லமுத்துவும் தங்கராசுவும் அடுப்பு மேடையைத் தூக்கி வந்தார்கள். இரும்பு ஆங்கிள் காலின்மேல் சூளைப் பலகை பதித்த மேடை. பாஞ்சாலை நிமிர்ந்து நின்றால் அதுவும் இடுப்புக்குமேல் ஏறி நின்றது. கோல் போட்ட அளவாயிற்றே. தங்கராசு மேலே கையை வைத்து அழுத்தி ஆட்டினான். நாலு காலும் மணலில் அரைச் சாண் இறங்கி, இடுப்பு உயரத்தில் வந்து நின்றது.

சுள்ளியைப் பழமலை பொறுக்கினான். தீக்குச்சியைப் பாஞ்சாலை கிழித்தாள். ஓட்டை போட்ட தகரத்தில் ஏழெட்டு முன்காய்ப்புக் கொட்டையைப் போட்டாள். எண்ணெய் கசிந்து பற்றி எரிந்தது, கரும்புகை கிளம்பியது, எல்லாரும் இருமினார்கள். மண்ணைப் போட்டு அணைத்து, தட்டி உடைத்து, முதல் பருப்பைத் தங்கராசு கையில் வைத்தாள். அவன் ஊதி ஊதித் தின்றான்.

"யாவாரிய வேற காடு பாக்கச் சொல்லிடுறேன்க்கா" என்றான். பனைமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் முள்வேலி, இருக்கிற ஒரே வழியில் பச்சை வீடு. "ஒண்ணு சொல்லட்டுமா? பனைக்கு ஒரு அடி வெளிய அத அப்பிடியே நிறுத்திப்புடலாம். ஆளு ஒருச்சாஞ்சி நொழையலாம், மூட்டையோட ஒருத்தனும் வெளிய போவ முடியாது. கொட்ட திருட எவன் வருவான் இனிமே?"

"மாமா அதுக்காவத்தான் பெருசாப் போட்டாரு" என்றாள் பாஞ்சாலை.

டிராக்டரை வெளியே எடுத்து, வீட்டைப் பனையோரம் தள்ளி நிறுத்திவிட்டு, மத்தியானத்துக்குமேல் எல்லாரும் போய்விட்டார்கள். வண்டிவீட்டின் படியில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். நல்லமுத்து விட்டுப்போன ரம்பத்தை எடுத்துக்கொண்டு பழமலை வந்தான். "எந்திரி" என்றான். எழுந்தாள். பக்கத்தில் கோலை நிறுத்தி, அவள் கை இயல்பாகத் தொங்குகிற இடத்தில் சாக்பீஸில் ஒரு கோடு போட்டான்.

"யோவ், என்னா பண்ற? கம்பெனியில எதால அளப்ப?"

"வேற ஒண்ணு செஞ்சிக்கிறேன்."

"முப்பது வருசக் கோலுய்யா."

"மண்ணுக்குப் பெருசா வேணும்" என்று படியில் கோலை வைத்து அறுக்க ஆரம்பித்தான். "ஒனக்கு ஒன் அளவே போதும்."

மணலில் உதிர்கிற தேக்குத் தூளை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அறுத்து, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். ஊன்றிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் விரிக்கக் குனிந்தான்.

"கட்டிலையும் அந்தக் கோலுலதான அளந்த?" என்றாள்.

"ம்."

"மெத்தை பத்தாம எடம் கெடக்குதுல்ல? அப்பறம் கீழ எதுக்குப் பாயி?"

பழமலை பாயோடு நின்றான். காது மடல் சிவந்துபோனது. பாயை வண்டிக்குள் கொண்டுபோய் வைத்தான். அறுத்துப்போட்ட தேக்குத் துண்டு மணலில் கிடந்தது. பாஞ்சாலை தன் கைக்கோலால் அதை நெட்டி நெட்டிக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். வைகாசி கடைசிவரை அந்தச் சக்கரம் நகரவில்லை.